பாரம் தானாக நிற்காது

கிருஷ்ணகிரி மாவட்டத்துக் குவாரிகளில் கிரானைட்டைப் பாறையிலிருந்து அறுத்தெடுத்ததும், ஏற்றுமதிக்குத் தோதாகப் பெரிய பெட்டி வடிவத்துக்குச் செதுக்கிக்கொள்வார்கள். மூன்று மீட்டர் நீளம், இரண்டு மீட்டர் அகலம், ஒன்றரை மீட்டர் உயரம் என்று ஒரு கல்லை எடுத்துக்கொள்வோம். ஒன்பது கன மீட்டர். கிரானைட் தண்ணீரைவிட ஏறத்தாழ 2.7 மடங்கு கனமானது. ஆக, அந்த ஒற்றைக் கல்லின் எடை 24 டன்னுக்குச் சற்று மேல். கிரேன் அதைத் தூக்கி, டிரைலரின் இரும்புத் தளத்தில் குறுக்கே போட்ட மரக்கட்டைகள்மேல் இறக்குகிறது. டயர்கள் பிதுங்குகின்றன, வில்பட்டைகள் நிமிர்ந்து தட்டையாகின்றன. இனி தருமபுரி, தொப்பூர் கணவாய், சேலம், நாமக்கல், கரூர், திண்டுக்கல், மதுரை வழியாகத் தூத்துக்குடித் துறைமுகம் வரை அது போக வேண்டும்.

அந்தக் கல்லைப் பார்க்கும் எவருக்கும் முதலில் தோன்றுவது, இது எங்கே நகரப்போகிறது என்பதுதான். பத்துப் பேர் தோள் கொடுத்துத் தள்ளினாலும் அசையாது. இரண்டு கயிற்றை மேலே போட்டு இழுத்துக் கட்டினால் போதும், சில சமயம் அதுகூட வேண்டாம், கனமே கல்லைப் பிடித்துக்கொள்ளும் என்ற எண்ணம் ஏற்றுபவர்களிடமும் உண்டு, ஓட்டுபவர்களிடமும் உண்டு. சாலையில் பாரம் சரிந்து நேரும் சாவுகளில் பலவற்றுக்கு அடியில் இந்த எண்ணம் கிடக்கிறது. இது முழுக்கத் தவறு. ஏன் தவறு என்பதைப் பள்ளிக்கூட இயற்பியலே சொல்லிவிடும்.

கியோம் அமோன்தோன் என்ற பிரெஞ்சுக்காரர் 1699-ஆம் ஆண்டு பாரிஸ் அறிவியல் கழகத்தின் முன் உராய்வைப் பற்றி ஓர் ஆய்வை வைத்தார். இளம் வயதிலேயே செவித்திறனை இழந்தவர், அளவைக் கருவிகள் செய்வதில் கைதேர்ந்தவர். அவர் சொன்னவற்றில் முக்கியமானவை இரண்டு. ஒரு பொருளை இழுக்கும்போது தரை காட்டும் எதிர்ப்பு, அந்தப் பொருள் தரையை அழுத்தும் விசைக்கு நேர்விகிதத்தில் இருக்கும். தொடும் பரப்பு பெரிதா சிறிதா என்பது கணக்கில் வராது. இரண்டாவதை நம்பக் கழகத்தாரே தயங்கினார்கள். ஏறக்குறைய இருநூறு ஆண்டுகளுக்கு முன்பே லியனார்டோ டா வின்சி இதே உண்மைகளைக் கண்டு தன் குறிப்பேடுகளில் எழுதிவைத்திருந்தார். ஆனால் அவை வெளிவராமலே கிடந்தன. பின்னர் சார்ல் கூலோம், ரோஷ்ஃபோர் கப்பல் கட்டும் தளத்தில் மரத்தையும் இரும்பையும் கயிற்றையும் வைத்துச் செய்த விரிவான சோதனைகளுக்காக 1781-இல் அதே கழகத்தின் பரிசைப் பெற்றார். மின்னூட்ட அலகுக்குப் பெயர் தந்த அதே கூலோம்தான்.

பரப்பு ஏன் கணக்கில் வருவதில்லை என்பது இருபதாம் நூற்றாண்டில்தான் விளங்கியது. கேம்பிரிட்ஜில் பணியாற்றிய பௌடனும் டேபரும் காட்டியது இது: எவ்வளவு வழவழப்பான பரப்பும் நுண்ணளவில் மேடுபள்ளம்தான். இரு பரப்புகளும் மேடுகளின் நுனிகளில் மட்டுமே உண்மையில் தொட்டுக்கொள்கின்றன. அழுத்தம் கூடினால் அந்த நுனிகள் நசுங்கி, உண்மையான தொடுபரப்பு கூடுகிறது. மரக்கட்டையை அகலமாகப் போட்டாலும் ஒடுக்கமாகப் போட்டாலும் நசுங்கும் நுனிகளின் மொத்தப் பரப்பைத் தீர்மானிப்பது மேலே உள்ள எடைதான். நம் கல்லுக்கும் இதுவே பொருந்தும்.

உராய்வு எடைக்கு விகிதமாகக் கூடுகிறது என்றால், கனமான கல் கூடுதல் பாதுகாப்புடன் இருக்க வேண்டுமே என்று கேட்கலாம். பிரேக் பிடிக்கும்போது என்ன நடக்கிறது என்று பாருங்கள். வண்டி வேகம் குறைகிறது. கல்லுக்கு அது தெரியாது, அது பழைய வேகத்திலேயே போகப் பார்க்கிறது. வண்டியோடு சேர்ந்து அதையும் நிறுத்த ஒரு விசை வேண்டும். அந்த விசை எவ்வளவு என்பதும் கல்லின் நிறைக்கு விகிதம்தான். நிறை இரண்டு மடங்கானால் உராய்வு இரண்டு மடங்காகிறது, நிறுத்தத் தேவைப்படும் விசையும் இரண்டு மடங்காகிறது. கணக்கின் இருபுறமும் நிறை அடிபட்டுப் போகிறது. மிஞ்சுவது உராய்வுக் கெழு என்ற ஓர் எண்ணும், வண்டி எவ்வளவு கடுமையாக வேகம் குறைகிறது என்பதும்தான். மரக்கட்டைக்கும் வழுவழுப்பான இரும்புத் தகட்டுக்கும் இடையே அந்தக் கெழு ஏறத்தாழ 0.3. அதாவது, புவியீர்ப்பு முடுக்கத்தின் 0.3 பங்குக்கு மேல் வேகம் குறைந்தால் அந்தக் கட்டையின் மேலுள்ள எதுவும் வழுக்கத் தொடங்கும். இருபது கிலோ மூட்டையும், 24 டன் கல்லும், ஒரே நொடியில்.

தினசரி ஓட்டத்தில் இது ஏன் கண்ணில் படுவதில்லை? பொறுமையான ஓட்டுநர் சாதாரணமாகப் பிடிக்கும் பிரேக் புவியீர்ப்பின் பத்தில் ஒரு பங்கு, மிஞ்சினால் இரண்டு பங்கு. அந்த அளவுக்கு உராய்வு ஒன்றே போதும். கட்டு தளர்ந்திருந்தாலும் கல் அசையாது. இப்படி ஆண்டுக்கணக்கில் ஓடிவிட்டால், கட்டு சரியாக இருக்கிறது என்ற நம்பிக்கை கெட்டிப்பட்டுவிடும். உண்மையில் அந்தக் கட்டு ஒருமுறைகூடச் சோதிக்கப்படவே இல்லை. ஒரு மாடு குறுக்கே வரும் நாளில்தான் முதல் சோதனை. நல்ல காற்று பிரேக்கும் உலர்ந்த சாலையும் இருந்தால் பாரவண்டியின் வேகம் புவியீர்ப்பில் பாதி அளவுக்குக் குறையும். சில கணங்கள் அதற்கும் மேலே போகும். 0.3 தாக்குப்பிடிக்காது.

கல் எங்கே வைக்கப்படுகிறது என்பதையும் இங்கேயே பார்த்துவிட வேண்டும், ஏனென்றால் சட்டமும் இயற்பியலும் முதலில் சந்திக்கும் இடம் அது. டிரைலரின் முன்பகுதி, இழுக்கும் வண்டியின் மேல் ஒரு முளையில் உட்கார்ந்திருக்கிறது. பின்பகுதியைச் சக்கரத் தொகுதி தாங்குகிறது. இந்த இரண்டுக்கும் இடையே எட்டு மீட்டர் என்று கொள்வோம். கல்லின் நடுப்புள்ளி முளையிலிருந்து மூன்று மீட்டர் பின்னால் இருந்தால், நெம்புகோல் கணக்குப்படி 15 டன் முளைமேல் இறங்கும், 9 டன் மட்டும் பின்சக்கரங்களுக்குப் போகும். எடைமேடையில் மொத்த எடை சரியாகவே காட்டும். ஆனால் இழுக்கும் வண்டியின் பின் அச்சு நசுங்கிக்கொண்டிருக்கும். இந்திய விதிகளில் மொத்த எடைக்கு மட்டுமல்ல, ஒவ்வோர் அச்சுக்கும் வரம்பு உண்டு. 2018-இல் அவை உயர்த்தப்பட்டன: நான்கு டயர் கொண்ட ஒற்றை அச்சுக்கு 10.2 டன் என்பது 11.5 ஆனது, இரட்டை அச்சுத் தொகுதிக்கு 19 என்பது 21 ஆனது. ஆகவே நம் கல்லைப் பின்னுக்குத் தள்ளி, நடுப்புள்ளி நாலரை மீட்டரில் வருமாறு வைக்க வேண்டும். அப்போது முளைக்குப் பத்தரை டன், பின்சக்கரங்களுக்குப் பதின்மூன்றரை.

இப்படி வைத்ததால் கல்லின் முன்முகத்துக்கும் டிரைலரின் முன்பலகைக்கும் இடையே சுமார் நான்கு மீட்டர் வெற்றிடம் விழுகிறது. அச்சுக்கு நல்லது செய்த இடமாற்றம் கல்லுக்கு ஓடுபாதை போட்டுக் கொடுத்துவிட்டது. மணிக்கு 60 கி.மீ. வேகத்தில் வரும் வண்டி, புவியீர்ப்பில் பாதி அளவுக்கு வேகம் குறைந்து நிற்க மூன்றரை நொடி ஆகும். கட்டப்படாத கல் அதற்குள், பிரேக் பிடித்த இரண்டாவது நொடியிலேயே, அந்த நான்கு மீட்டரையும் கடந்துவிடும். வண்டியை ஒப்பிட அதன் வேகம் அப்போது மணிக்கு 14 கி.மீ.தான், சைக்கிள் வேகம். ஆனால் 24 டன். அந்த மோதலின் ஆற்றல், ஒரு டன் எடையுள்ள கார் மணிக்கு 70 கி.மீ. வேகத்தில் சுவரில் மோதும் ஆற்றலுக்குச் சமம். வழியில் இருப்பது ஒரு தகட்டுப் பலகை, அதற்கப்பால் கேபின், அதற்குள் ஓட்டுநரும், உடன் வந்தவர் படுத்திருக்கும் இருக்கையும்.

இனி கட்டுக்கு வருவோம். எவ்வளவு விசையைத் தாங்கும்படி கட்ட வேண்டும் என்பதற்கு ஐரோப்பாவும் அமெரிக்காவும் தனித்தனியே யோசித்துக் கிட்டத்தட்ட ஒரே எண்களுக்கு வந்து சேர்ந்திருக்கின்றன. முன்னோக்கிப் பாரத்தின் எடையில் 0.8 பங்கு, பக்கவாட்டில் 0.5, பின்னோக்கி 0.5. முன்னோக்கி ஏன் அதிகம் என்பது வெளிப்படை: வண்டி எவ்வளவு வேகமாகக் கிளம்பினாலும், நிற்பதைப்போலக் கடுமையாகக் கிளம்பாது. நம் கல்லுக்கு முன்னோக்கிய கணக்கு 19.2 டன் விசை. மரக்கட்டைமேல் உராய்வு தருவது 7.2 டன். மீதி 12 டன்னைக் கட்டு தர வேண்டும்.

நம் சாலைகளில் அதிகம் தென்படுவது பாரத்தின் மேல் குறுக்கே போட்டு இருபுறமும் கீழே இழுத்துக் கட்டும் மேற்கட்டு. பலரும் நினைப்பதுபோல், அந்தக் கட்டு கல்லை முன்னே போகவிடாமல் பிடித்து நிறுத்துவதில்லை. அது செய்வது, கல்லைத் தளத்தோடு இன்னும் கொஞ்சம் அழுத்துவது மட்டும். அந்தக் கூடுதல் அழுத்தம் கூடுதல் உராய்வைத் தருகிறது, அவ்வளவுதான். ஐந்து டன் தாங்கும் என்று அச்சிட்ட பெல்ட் என்பதால் ஐந்து டன்னைப் பிடிக்கும் என்று நினைப்பது பெரிய தவறு. பெல்ட்டை இறுக்கும் கருவியான ராச்சட்டைக் கையால் இயக்கினால் பெல்ட்டில் ஏறும் இழுவிசை சுமார் 400 கிலோதான். பெல்ட்டின் சீட்டில் இந்த எண் தனியே அச்சிட்டிருக்கும், பெரும்பாலும் யாரும் அதைப் படிப்பதில்லை. இருபுறமும் செங்குத்தாக இறங்கினால் அழுத்தம் 800 கிலோ. அதில் 0.3 பங்கு, 240 கிலோ. ஒரு பெல்ட் தரும் பிடிப்பு இவ்வளவே. 12 டன்னுக்கு ஐம்பது பெல்ட் வேண்டும்.

இதுவும் தாராளமான கணக்கு. பெல்ட் கல்லின் இரண்டு விளிம்புகளில் மடங்கிப் போகிறது. துறைமுகத்தில் கப்பலின் வடத்தைக் கரையிலுள்ள குட்டைத் தூணில் இரண்டு மூன்று சுற்றுச் சுற்றிவிட்டு, மறுமுனையை ஒருவரே கையில் பிடித்து நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். சுற்றும் கோணம் கூடக்கூட, ஒரு முனையின் விசை மறுமுனைக்குப் போய்ச் சேராமல் வழியிலேயே உராய்வில் கரைகிறது. இதன் கணக்கைப் பதினெட்டாம் நூற்றாண்டில் ஆய்லர் எழுதிவைத்தார். கப்பல்காரருக்கு உதவும் அதே விதி டிரைலர்காரருக்குக் கேடு செய்கிறது. இரண்டு விளிம்புகளிலும் செங்கோணமாக மடங்கும் பெல்ட்டில், ராச்சட் உள்ள பக்கம் 400 கிலோ இருந்தால் எதிர்ப்பக்கத்தில் பாதிதான் மிஞ்சும். அப்போது ஐம்பது பெல்ட் அறுபத்தேழாகிறது. அத்தனை பெல்ட்டை அந்தக் கல்மேல் போட இடமே கிடையாது. விளிம்பில் வழுவழுப்பான மூலைக்காப்பு வைத்தால் இழப்பு குறையும், அறுத்தெடுத்த கிரானைட்டின் கூரிய விளிம்பு பெல்ட்டை அறுக்காமலும் இருக்கும். ராச்சட்டுகளை ஒரே பக்கமாக வைக்காமல் மாற்றி மாற்றி வைத்தால் கல் சமமாக அழுந்தும்.

இப்போது மரக்கட்டைக்கு அடியிலும் மேலும் ரப்பர் விரிப்பை வைத்துப் பாருங்கள். இதற்கென்று செய்த விரிப்பின் உராய்வுக் கெழு 0.6. கல்லின் சொந்த எடையே 14.4 டன் உராய்வைத் தந்துவிடும். கட்டு தர வேண்டியது 4.8 டன்தான். ஒவ்வொரு பெல்ட்டின் பலனும் இரட்டிப்பாகிறது. விளிம்பு இழப்பையும் சேர்த்தே பதினான்கு பெல்ட் போதும். இந்தத் துறையில் செலவிட்ட ரூபாய்க்கு இவ்வளவு பாதுகாப்பைத் திருப்பித் தருவது வேறு எதுவும் இல்லை என்பது என் உறுதியான கருத்து. கட்டுக்கயிறு வாங்குவதற்கு முன் ரப்பர் வாங்க வேண்டும்.

ஆனாலும் 24 டன் கல்லுக்கு உகந்தது நேர்க்கட்டு. கல்லில் கொக்கி மாட்டக் காது கிடையாது. ஆகவே சங்கிலியைக் கல்லின் முன்முகத்தில் குறுக்கே போட்டு, இரு முனைகளையும் பின்னோக்கிச் சாய்வாக இழுத்துத் தளத்தின் வளையங்களில் மாட்ட வேண்டும். 13 மில்லிமீட்டர் தடிமனுள்ள எண்பதாம் தரச் சங்கிலியின் ஒரு கால் பத்து டன் தாங்கும். 45 பாகைச் சாய்வில் அதில் ஏழு டன் கல்லைப் பின்னுக்குப் பிடிக்கும் விசையாகக் கிடைக்கும். இரண்டு கால்களும் சேர்ந்து பதினான்கு. நமக்குத் தேவை பன்னிரண்டு. அறுபத்தேழு பெல்ட் செய்ய வேண்டியதை முன்முகத்துச் சங்கிலி ஒன்று செய்துவிடுகிறது. இங்கே சங்கிலியின் முழுத் தாங்குதிறனும் வேலைக்கு வருகிறது. மேற்கட்டில் பெல்ட்டின் இறுக்கம் மட்டுமே வேலை செய்தது. இந்த வேறுபாட்டைப் புரிந்துகொண்ட ஏற்றுமேஸ்திரி ஒருவர் இருந்தால் அந்தக் குவாரியிலிருந்து கிளம்பும் எல்லா வண்டிகளும் பத்திரம். பின்பக்கத்துக்கும் இதேபோல் ஒரு சங்கிலி, பக்கவாட்டுக்கு இரும்புத் தூண்களோ தளத்தில் பதிந்த முட்டுகளோ வேண்டும். முன்பலகைக்கும் கல்லுக்கும் நடுவே உள்ள நான்கு மீட்டரைக் கனமான மரச்சட்டம் அடுக்கி முட்டுக் கொடுத்தாலும் நல்லதுதான், முன்பலகை அந்த விசைக்குக் கட்டப்பட்டிருந்தால்.

ஒரே பக்கம் இழுக்கும் கட்டில் சங்கிலியையும் பெல்ட்டையும் கலக்கக் கூடாது. பாலியெஸ்டர் பெல்ட் முழு விசைக்கு வரும்போது நூற்றுக்கு ஏழு வரை நீளலாம். சங்கிலி அதில் சிறு பங்குகூட நீளாது. கல் நகரப் பார்க்கும்போது நீளாத சங்கிலி எல்லாப் பாரத்தையும் தானே வாங்கிக்கொள்ளும், பெல்ட் சும்மா தொங்கும். சங்கிலி அறுந்த பிறகுதான் பெல்ட்டின் முறை வரும், அப்போது அது தனியாகத் தாங்காது. அறுந்த பெல்ட்டை முடிச்சுப் போட்டுத் திரும்பப் பயன்படுத்துவதும் இதைப்போன்றதே. முடிச்சு இருக்கும் இடத்தில் வலு பாதியாகிவிடும்.

கட்டுகளின் எண்ணிக்கையை மட்டும் நம்புவது எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு வானத்திலிருந்து ஒரு சான்று உண்டு. 2013 ஏப்ரல் 29 அன்று ஆப்கானிஸ்தானின் பக்ராம் தளத்திலிருந்து நேஷனல் ஏர்லைன்ஸின் போயிங் 747 சரக்கு விமானம் ஐந்து இராணுவக் கவச வண்டிகளோடு கிளம்பியது. சில 12 டன், சில 18 டன். ஓடுபாதையை விட்டு எழுந்த சில நொடிகளில் பின்னால் இருந்த வண்டி கட்டவிழ்ந்து விமானத்தின் வால்பக்கம் உருண்டு, நீர்ம அழுத்தக் குழாய்களையும் வால் இறக்கையைத் திருப்பும் திருகுதண்டையும் உடைத்தது. விமானம் தரையில் விழுந்து, அதிலிருந்த ஏழு பேரும் இறந்தார்கள். அமெரிக்கப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் ஆராய்ந்தபோது, 18 டன் வண்டி ஒவ்வொன்றும் 26 பெல்ட்டுகளால் கட்டப்பட்டிருந்தது தெரிந்தது. கேட்க நிறையவே இருக்கிறது. ஆனால் பெல்ட் எந்தக் கோணத்தில் போகிறது, அதில் எவ்வளவு பின்னோக்கிய இழுப்பைத் தடுக்கிறது என்பதை அந்த நிறுவனத்தின் கையேடு கணக்கில் கொள்ளவில்லை. சரியான கணக்குப்படி குறைந்தது அறுபது வேண்டியிருந்தது. கட்டியவர்கள் சோம்பேறிகள் அல்லர். அவர்கள் கையில் இருந்த கணக்கு தவறானது.

தரைக்குத் திரும்புவோம். தொப்பூர் கணவாயின் நீண்ட இறக்கத்தில் கனரக வண்டிகள் பிரேக் சூடேறிக் கட்டுப்பாடிழந்து அடிக்கடி விபத்துக்குள்ளாவதைச் செய்தித்தாள்களில் படித்திருப்போம். இறக்கம் பாரத்தின் கட்டையும் கொஞ்சம் தின்கிறது. இருபதுக்கு ஒன்று என்ற சாய்வில் நிற்கும்போதே கல், தன் எடையில் இருபதில் ஒரு பங்கு விசையோடு முன்னே சாய்கிறது. 0.3 என்ற நம் கையிருப்பில் 0.05 பிரேக்கைத் தொடுவதற்கு முன்பே செலவாகிவிட்டது. வளைவுகளில் பக்கவாட்டு விசை. 40 மீட்டர் ஆரமுள்ள வளைவில் மணிக்கு 40 கி.மீ. போனாலே புவியீர்ப்பின் 0.31 பங்கு. 50 கி.மீ. என்றால் 0.49. வேகம் கால்பங்கு கூடியதற்கு விசை பாதிக்கும் மேல் கூடிவிட்டது, ஏனெனில் இங்கே வேகத்தின் இருமடி வருகிறது. பாரம் ஏற்றிய டிரைலர் பக்கவாட்டில் குடைசாயும் எல்லை பொதுவாக 0.3-க்கும் 0.4-க்கும் இடையில். கல் முதலில் வழுக்கி ஓரத்துக்குப் போனால் வண்டியின் ஈர்ப்புமையமும் அந்தப் பக்கம் நகர்ந்து, குடைசாயும் எல்லை இன்னும் கீழிறங்கும்.

சாலையின் அதிர்வு இன்னொரு எதிரி. வேகத்தடையில் ஏறி இறங்கும்போது தளம் ஒரு கணம் கல்லுக்கு அடியிலிருந்து விலகப் பார்க்கும். அந்தக் கணத்தில் அழுத்தம் குறைகிறது, உராய்வும் கூடவே குறைகிறது, கல் ஒரு மயிரிழை நகர்கிறது. இப்படி நூறு தடவை. மேற்கட்டுக்கு இதில் ஓர் உண்மையான பயன் உண்டு: கல் தளத்தை விட்டு எழாமல் அது அழுத்தி வைக்கிறது. குவாரித் தூசி படிந்த தளம் வேறொரு தொல்லை. கல்பொடி உருண்டைகளாக இடையில் புகுந்து, 0.3 என்று கணக்கிட்டதைக் கீழே இறக்கிவிடும். ஏற்றுவதற்கு முன் தளத்தைத் துடைப்பத்தால் பெருக்குவது கட்டின் ஒரு பகுதி.

மரக்கட்டை நசுங்கி அமர்வதால், எவ்வளவு இறுக்கிக் கட்டினாலும் முதல் ஒரு மணி நேரத்தில் கட்டு தளர்ந்தே தீரும். அமெரிக்க விதி, கிளம்பிய முதல் 50 மைலுக்குள், அதாவது 80 கிலோமீட்டருக்குள், நிறுத்திக் கட்டைப் பார்க்கச் சொல்கிறது. அதன்பின் மூன்று மணி நேரம் அல்லது 150 மைல், எது முன்னால் வருகிறதோ அப்போது. கிருஷ்ணகிரியிலிருந்து கிளம்பியவருக்கு அந்த முதல் சோதனை தொப்பூர் இறக்கத்துக்கு முன்பே முடிந்திருக்க வேண்டும். தருமபுரி தாண்டி டீக்கு நிறுத்தும் இடம் இதற்கு மிகவும் பொருத்தம்.

சட்டம் என்ன சொல்கிறது? நம் மோட்டார் வாகனச் சட்டம் எடைக்கும் அளவுக்கும் துல்லியமான எண்களை வைத்திருக்கிறது. 113-ஆவது பிரிவு எடை வரம்பைப் பற்றியது. அதை மீறினால் 194-ஆவது பிரிவின்கீழ், 2019 திருத்தத்துக்குப் பிறகு, இருபதாயிரம் ரூபாய் அபராதம், கூடுதலான ஒவ்வொரு டன்னுக்கும் மேலும் இரண்டாயிரம். கூடுதல் பாரத்தை இறக்கும்வரை வண்டி நகரக் கூடாது, இறக்கும் செலவும் மீறியவருடையது. பாரம் பக்கவாட்டிலோ முன்னாலோ பின்னாலோ உயரத்திலோ அனுமதித்த அளவைத் தாண்டி நீட்டிக்கொண்டிருந்தால் தனியாக இருபதாயிரம். இரவில் விளக்கில்லாமல் நிற்கும் லாரியின் பின்னால் நீட்டிய கம்பிகளில் மோதி இறந்தவர்கள் ஏராளம். 2014-இல் மத்திய அரசு விதியைத் திருத்தி, கம்பிகள் பின்னால் நீண்டிருக்க இருந்த சலுகையை எடுத்துவிட்டது. காற்றாலை இறக்கைபோல எப்படியும் நீளும் சரக்குக்கு, ஓ.டி.சி. (அளவு மீறிய சரக்கு) லோடு என்று சொல்லி முன் அனுமதியும் வழித்துணை வண்டியும் பெற்றே போக வேண்டும்.

கட்டைப் பொறுத்தவரை சட்டம் நோக்கத்தைச் சொல்லி நிறுத்திக்கொள்கிறது. யாருக்கும் ஆபத்து விளையும் விதத்தில் பாரம் ஏற்றிய வண்டியை ஓட்டக் கூடாது என்று 1989-ஆம் ஆண்டின் சாலை விதிமுறைகளிலேயே இருந்தது. ஆனால் 24 டன் கல்லுக்கு எத்தனை சங்கிலி, எந்தத் தடிமன், எந்தக் கோணம் என்ற கேள்விக்கு அந்த வாசகத்தில் பதில் இல்லை. அமெரிக்க விதி, கட்டுகளின் மொத்தத் தாங்குதிறன் பாரத்தின் எடையில் பாதிக்குக் குறையக் கூடாது என்கிறது. உருக்குச் சுருளுக்கும் கான்கிரீட் குழாய்க்கும் மரத்தடிக்கும் தனித்தனி அத்தியாயம் வைத்திருக்கிறது. அப்படியோர் எண் இருந்தால் சோதனைச் சாவடியில் நிற்கும் ஆய்வாளர் பார்த்து எண்ணலாம், குவாரி முதலாளியிடம் ஓட்டுநர் காட்டி வாதாடலாம். எண் இல்லாத இடத்தில் பொறுப்பு முழுவதும் கடைசி ஆளின் தலையில் விழுகிறது. கல்லை ஏற்றியது கிரேன்காரர், கட்டையைப் போட்டது குவாரி ஆட்கள், இன்று ராத்திரிக்குள் கிளம்ப வேண்டும் என்றது சரக்குக்காரர். கல் வந்து மோதும் இருக்கையில் உட்கார்ந்திருப்பவர் ஓட்டுநர் மட்டும். 194-ஆவது பிரிவு ஓட்டுபவரோடு, ஓட்டச் செய்பவரையும் ஓட்ட அனுமதிப்பவரையும் சேர்த்தே குறிப்பிடுகிறது. அந்த இரண்டு சொற்களையும் வழக்குகளில் உண்மையாகவே பயன்படுத்தினால், நாமக்கல்லிலும் சங்ககிரியிலும் உள்ள ஆயிரக்கணக்கான வண்டிக் குடும்பங்களுக்கு அது பெரிய காப்பு.

கடைசியாகத் துறைமுகம். பயணம் முடிந்தது என்று கை தளரும் இந்த நேரத்திலும் காயங்கள் நேர்கின்றன. வழியில் கல் சற்றே நகர்ந்து ஒரு சங்கிலிமேல் சாய்ந்திருக்கலாம், அந்தச் சங்கிலி மட்டும்தான் அதை நிறுத்தி வைத்திருக்கலாம். ஆகவே அவிழ்க்கும் முன் வண்டியை ஒரு சுற்றுச் சுற்றி, கட்டிய நேரத்தைவிட எது கூடுதலாக விறைத்திருக்கிறது என்று தட்டிப் பார்க்க வேண்டும். அப்படி ஒன்று இருந்தால், கிரேனின் கொக்கி கல்லைப் பிடித்த பிறகே அதை அவிழ்க்க வேண்டும். சங்கிலியை இறுக்கும் நெம்புகோல் வகைக் கருவியில் பல டன் இழுவிசை அடங்கிக் கிடக்கும். விடுவித்ததும் கைப்பிடி தாடையை உடைக்கும் வேகத்தில் திரும்பும். எனவே அதன் நேர் எதிரே நிற்காமல் பக்கவாட்டில் நின்று, உடன் நிற்பவரையும் விலகச் சொல்லிவிட்டே தொட வேண்டும். திருகி இறுக்கும் ராச்சட் வகையில் இந்த ஆபத்து மிகக் குறைவு. விலை கொஞ்சம் கூடுதலானாலும் புதிதாக வாங்குபவர்கள் அதையே வாங்குவது நல்லது.